உமிக்கும் அரிசிக்கும் நடுவே

கொல்லிமலையின் சரிவுகளில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் சோறு. நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கடந்தால் வரும் இந்த மலையில், மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றை விதைத்து வந்தார்கள். சாமை என்றால் ஒரே சாமை இல்லை. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை என்று பல. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு. தினையில் செந்தினை, பெருந்தினை. எந்த மேட்டில் எது விளையும், மழை பிந்தினால் எதை விதைக்கலாம், எந்தக் கதிரை விதைக்கு எடுத்துவைக்க வேண்டும் என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்கு அத்துப்படி.

பிறகு மரவள்ளி மலையேறி வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தொழில் வளர்ந்து, சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஆலைகள் முளைத்தன. 1981இல் ஆலைக்காரர்கள் ஒன்று சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை ஆலைகளுக்கும் கிழங்கு வேண்டுமே. மலைக்குச் சாலை வந்ததும் வியாபாரிகள் லாரியோடு வந்தார்கள். முன்பணம் கொடுத்தார்கள். தோண்டிய கிழங்கைக் காட்டோரத்திலேயே மூட்டை பிடித்து ஏற்றிப் போனார்கள்.

கையில் காசு வந்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கல்யாணத்துக்கும் அந்தக் காசு உதவியது. சாமை விதைத்தால் சோறு கிடைக்கும், காசு கிடைக்காது. மரவள்ளி நட்டவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் மரவள்ளியின் கணக்கு விவசாயியின் கையில் இல்லை. பத்துப் பதினோரு மாதம் காத்திருந்து எடுக்கும் கிழங்குக்கு ஆலையில் மாவுச்சத்தைச் சோதித்து, ‘பாயின்ட்’ கணக்கில் விலை போடுவார்கள். பாயின்ட் குறைந்தால் விலை குறையும். அதை அளப்பது வாங்குபவர். ஜவ்வரிசிக்கு வட இந்தியாவில் கிராக்கி குறைந்தால் அந்த அடி நேராக மலைச்சரிவில் வந்து விழும். போதாக்குறைக்குப் பூச்சி. 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் பரவி வயல் வயலாகக் குருத்தைச் சுருட்டியது. ஒரே பயிரை, ஒரே வகை வாங்குபவரை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அப்போது போக்கிடம் இல்லை.

அப்படியானால் சாமைக்கே திரும்பலாமே என்று சமவெளியில் இருந்துகொண்டு சொல்வது எளிது. சிறுதானியத்தின் சத்தைப் பற்றி எழுதுபவர்களும் பேசுபவர்களும் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. அது உரல்.

சாமை நெல்லைப் போல உமியுள்ள தானியம். ஆனால் கடுகைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். அதன் மேல் வழவழப்பான, கெட்டியான உமி. அறுத்துக் காயவைத்த சாமையை உரலில் கொட்டி, இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஓங்கிக் குத்தினால் நொய்யாகிவிடும், மெதுவாகக் குத்தினால் உமி விடாது. சிறிது நேரம் குத்தி, முறத்தில் அள்ளிப் புடைத்து, உமியைப் பறக்கவிட்டு, மிச்சத்தை மறுபடி உரலில் இட்டு, மறுபடி குத்திப் புடைக்க வேண்டும். கல்லைக் கொழித்து எடுக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த வேலை பிடிக்கும். அதுவும் பகலெல்லாம் காட்டில் உழைத்துவிட்டு வந்த கையால்.

2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஒரு பக்கம் உரல், மறுபக்கம் குத்தவே வேண்டாத இலவச அரிசி. மலைப்பெண்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? நியாயமாகவே, அரிசியை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் வேலை தொடங்கியபோது அதன் முதல் அக்கறை விதைகள். அழிந்துகொண்டிருந்த வகைகளைத் தேடித் திரட்டி, கிராமங்களிலேயே விதை வங்கிகள் அமைத்தார்கள். ஆனால் விதையை மட்டும் காப்பாற்றினால் பயிர் தங்காது என்பது சீக்கிரமே தெளிவாயிற்று. பாதுகாப்பு, சாகுபடி, உணவு, வணிகம் ஆகிய நான்கும் ஒன்றாகப் போக வேண்டும் என்று சுவாமிநாதன் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். விளைந்ததை விற்க வேண்டும் என்றால் முதலில் உமியை நீக்க வேண்டும். அதற்காக மலையிலேயே சிறு ஆலைகள் நிறுவப்பட்டன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மாவு என்று பொட்டலமாக்கி மலையின் பெயரிலேயே விற்பனைக்கு வந்தன.

ஆலை வந்ததும் இரண்டு காரியங்கள் நடந்தன. வீட்டுக்குச் சாமைச் சோறு சமைப்பது மறுபடி சாத்தியமாயிற்று. உமியோடு மூட்டையாக விற்பதற்குப் பதில் அரிசியாக விற்க முடிந்தது. இந்த இரண்டாவதுதான் காசு விஷயம். உமியோடு விற்கும்போது விலையைத் தீர்மானிப்பவர் உமி நீக்கும் ஆலையை வைத்திருப்பவர். ஒடிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் விளையும் சாமையும் வரகும் பெருமளவில் மகாராஷ்டிரத்தின் நாசிக்குக்குப் போய், அங்கே உள்ள பெரிய ஆலைகளில் அரிசியாகி, மறுபடி நாடெங்கும் கடைகளுக்குப் பயணப்படுவதற்கு இதுவே காரணம். விளைந்த ஊரில் ஆலை இல்லை. லாரி வாடகையும் தரகும் ஆலைக்காரர் லாபமும் போக மிஞ்சுவதுதான் விதைத்தவருக்கு.

குடும்பமாக உழைத்துப் பயிரிடும் விவசாயிக்குப் புதுச் சந்தை என்றால், புது ஊரில் புதுக் கடை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் விளைச்சலுக்கும் வாங்குபவருக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை ஒன்று எப்போதும் இருக்கும்: எடை போடுவது, உமி நீக்குவது, காயவைத்துச் சேமிப்பது, பணம் வரும்வரை பொறுத்திருப்பது. அந்த வேலை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் விலையும் இருக்கிறது. ஆகவே உதவி போய்ச் சேர வேண்டிய இடமும் அதுவே.

இதற்கு எண்களில் சாட்சி உண்டு. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின்படி, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் 100 ரூபாயில் ஏறக்குறைய 33 ரூபாய்தான் விவசாயிக்குப் போகிறது. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. பாலில் கதை வேறு. அங்கே விவசாயியின் பங்கு 70 சதவீதத்தை ஒட்டியது. பாலும் அழுகும் பொருள்தான், தக்காளியைவிட வேகமாகக் கெடும். என்ன வித்தியாசம் என்றால், கறந்த பாலை ஊரிலேயே அளந்து, கொழுப்புச் சத்தைக் கண்ணெதிரே சோதித்து, குளிரூட்டி, பதப்படுத்தி விற்கும் நடுவேலையைப் பெரும்பகுதி கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்துக்கொண்டன. 1946இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய வழி அது. மரவள்ளியின் பாயின்ட்டையும் பாலின் கொழுப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே சோதனைக்குப் பிறகு விலை போடும் முறைகள்தான். ஒன்றில் சோதனை வாங்குபவரின் ஆலைக்குள்ளே. மற்றொன்றில் விற்பவரின் சொந்தச் சங்கத்தில், நாலு பேர் பார்க்க.

தமிழ்நாட்டில் இந்த நடுவேலையைக் கையிலெடுத்த முயற்சிகளில் மக்கள் நன்றாக அறிந்தது உழவர் சந்தை. பஞ்சாபில் 1987இல் ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் விவசாயிகளின் நேரடிச் சந்தைகள் தொடங்கின. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை முதல்வர் மு.கருணாநிதி திறந்துவைத்தார். 2001க்குப் பிறகு சில ஆண்டுகள் பல சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. பிறகு மீண்டன. இன்று மாநிலம் முழுவதும் 180க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன.

அதன் ஏற்பாடு எளிமையானது, கெட்டிக்காரத்தனமானது. நிலமும் பயிரும் உண்மைதானா என்று சரிபார்த்துப் புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கடைக்கு வாடகை இல்லை. விடியற்காலையில் வந்ததும் தராசை வாங்கிக்கொண்டு, வியாபாரம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். கமிஷன் கிடையாது, சுமைகூலி கிடையாது. அரசுப் பேருந்தில் காய்கறி மூட்டைக்குச் சுமைக் கட்டணம் இல்லை என்ற சலுகையும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் வாசலில் உள்ள விலைப்பலகை. அன்றன்றைக்கு மொத்தச் சந்தை நிலவரத்தையும் வெளிக்கடை நிலவரத்தையும் பார்த்து, முன்னதைவிட அதிகமாகவும் பின்னதைவிடக் குறைவாகவும் விலை குறித்து எழுதுகிறார்கள். கத்தரிக்காய் கிலோ இவ்வளவு என்று எழுதிய பிறகு பேரம் பேச இடம் குறைவு. வாங்குபவருக்கும் மிச்சம், விற்பவருக்கும் கூடுதல். நடுவில் மறைந்துபோன பணத்தை இருவரும் பிரித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இரண்டு கூடை வெண்டைக்காய், முப்பது கட்டுக் கீரை, கொஞ்சம் புடலை என்று கொண்டுவருபவருக்கு உழவர் சந்தை பொருந்துகிறது. ஒரே நாளில் ஒரு டன் தக்காளி பறிப்பவருக்குப் பொருந்தாது. அவர் கமிஷன் மண்டிக்குத்தான் போயாக வேண்டும். விற்று முடிக்கும்வரை உட்கார வேண்டும், அதற்குள் அரை நாள் போய்விடும். களையெடுப்பு நேரத்தில் அந்த அரை நாள் பெரிது. நகரத்திலிருந்து தொலைவான கிராமங்களுக்கு முதல் பேருந்தே பொழுது விடிந்துதான் வருகிறது. விவசாயியின் அட்டையில் வியாபாரிகள் உள்ளே வருவதும் நெடுநாள் புகார். இத்தனைக்கும் நடுவில் கால் நூற்றாண்டாக இந்த ஏற்பாடு தாக்குப்பிடித்து நிற்கிறது என்றால், அதன் அடிப்படை சரி என்றுதான் பொருள்.

தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, முக்கால் ஹெக்டேர். ஏறக்குறைய இரண்டு ஏக்கர். பத்தில் ஒன்பதுக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். இவர்களில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆலை வைக்க முடியாது, கிடங்கு கட்ட முடியாது, சென்னை வியாபாரியோடு தொலைபேசியில் விலை பேசி நிற்க முடியாது. சேர்ந்தால் முடியும். இந்த எண்ணத்தில் 2002இல் நிறுவனச் சட்டத்தைத் திருத்தி, விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு வழி செய்தார்கள். 2020இல் மத்திய அரசு நாடு முழுவதும் பத்தாயிரம் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை 6,865 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கியது. சமவெளியில் குறைந்தது 300 பேர், மலைப்பகுதியில் 100 பேர் சேர்ந்தால் ஓர் அமைப்பு. ஒவ்வொருவர் போடும் பங்குத் தொகைக்கும் 2,000 ரூபாய் வரை அரசு ஈடாகப் போடும். ஓர் அமைப்புக்கு மொத்தம் 15 லட்சம் வரை.

காகிதத்தில் நன்றாக இருக்கிறது. களத்தில் இவை தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றே. அறுவடை நாளில் கையில் ரொக்கம் இல்லை.

அந்த நாளை நினைத்துப் பார்த்தால் விளங்கும். களத்தில் தானியம் குவிந்திருக்கிறது. ஆள்கூலி கொடுக்க வேண்டும். உரக்கடையில் பாக்கி, நகைக்கடனுக்கு வட்டி. உள்ளூர் வியாபாரி வருகிறார். விலை குறைவாகக் கேட்டாலும் அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். ஆறு மாதத்துக்கு முன் மகள் கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவரும் அவரே. விவசாயிகளின் சொந்த நிறுவனமோ, விலை கூடுதலாகத் தருவோம், ஆனால் சரக்கு விற்றுப் பணம் வர நாளாகும் என்கிறது. பங்குதாரரே வியாபாரியிடம் போடுகிறார். நிறுவனத்தின் ஆலை சரக்கில்லாமல் சும்மா நிற்கிறது. இதை விவசாயிகளின் ஒற்றுமைக் குறைவு என்று எழுதுபவர்கள் உண்டு. அது அநியாயம். பணத்துக்காகக் காத்திருக்க முடிந்தவரால் மட்டுமே விலைக்காகக் காத்திருக்க முடியும். இந்த அமைப்புகளுக்குப் பயிற்சி வகுப்பும் பெயர்ப்பலகையும் கண்காட்சி அரங்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. அறுவடை மாதத்தில் சரக்கெடுக்கக் குறைந்த வட்டியில் நடைமுறை மூலதனம் கிடைப்பதுதான் கஷ்டம். கொடுக்க வேண்டியது அதைத்தான்.

ரொக்கச் சிக்கலுக்கு இன்னொரு தீர்வும் இருக்கிறது. வாங்குபவர் யார், எவ்வளவு, என்ன விலைக்கு என்பது விதைக்கும் முன்பே தெரிந்துவிட வேண்டும். இதை ஒடிசா செய்து காட்டியிருக்கிறது.

ஒடிசாவின் தென்மேற்கு மலை மாவட்டங்களான கோராபுட்டிலும் மல்கான்கிரியிலும் பழங்குடி மக்கள் கேழ்வரகை ‘மாண்டியா’ என்பார்கள். 2017இல் அந்த மாநில அரசு சிறுதானிய இயக்கத்தை ஏழு மாவட்டங்களில் தொடங்கியது. மகளிர் குழுக்களையும் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளையும் கூடவே சேர்த்துக்கொண்டது. பழங்குடியினர் கூட்டுறவுக் கழகம் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கேழ்வரகை நேரே வாங்கி, ரேஷனிலும் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு லட்டாகவும் கொடுத்தது. 2018-19இல் வாங்கியது சுமார் 18 ஆயிரம் குவிண்டால். 2021-22இல் அது மூன்று லட்சம் குவிண்டாலைத் தாண்டியது. கேழ்வரகின் ஆதரவு விலையும் இடையில் ஏறியது: 2017-18இல் குவிண்டாலுக்கு 1,900 ரூபாயாக இருந்தது அடுத்த ஆண்டே 2,897 ஆயிற்று; 2025-26க்கு 4,886. விலை அறிவிப்பு நாடு முழுமைக்கும் பொதுதான். ஒடிசா விவசாயிக்கு அது பணமாகக் கைக்கு வந்ததற்குக் காரணம், அந்த விலைக்கு வாங்க ஒருவர் தராசோடு அவர் ஊருக்கு வந்ததுதான்.

தமிழ்நாடும் இந்த வழியில் அடியெடுத்து வைத்தது. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. அதற்காகக் கேழ்வரகு விளையும் மாவட்டங்களில் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் திறந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் களி தின்று வளர்ந்தவர்களுக்கு இது புது உணவு இல்லை. தங்கள் காட்டுக் கேழ்வரகை அரசே வாங்கித் தங்கள் ஊர் ரேஷன் கடையிலேயே கொடுப்பது புதிது.

கேழ்வரகு முதலில் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கதிரடித்தாலே அது தூற்றிச் சுத்தமாகிவிடும். சாமையைப் போல உரலில் போட்டு உமி நீக்கத் தேவையில்லை. கழுவிக் காயவைத்து நேரே மாவரைக்கலாம். இன்னொரு காரணம், மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகும் சோளமும் கம்பும் இருக்கின்றன. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எதுவும் அதில் இல்லை. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இந்தியா கேட்டுப் பெற்ற ஆண்டு அது. அதற்குப் பிறகும் சாமைக்கு ஆதரவு விலை வரவில்லை. சத்தீஸ்கர் காத்திருக்காமல், 2021இல் வரகுக்கும் சாமைக்கும் குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் என்று தானே விலை அறிவித்து வாங்கத் தொடங்கியது. ஒரு மாநிலம் தன் சொந்த முடிவில் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

தொலைவில் பிரேசில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2009இல் அந்த நாடு கொண்டுவந்த சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கவே செலவிட வேண்டும் என்றது. ஏறத்தாழ நான்கு கோடி குழந்தைகள் சாப்பிடும் திட்டம் அது. சாதாரண டெண்டரில் பெரிய நிறுவனங்களோடு சிறு விவசாயி போட்டியிட முடியாது என்பதால், இந்தக் கொள்முதலுக்கு மட்டும் விலைப்போட்டி இல்லாத தனி அழைப்பு முறை வைத்தார்கள். உள்ளூர்ச் சந்தை விலையை ஒட்டி முதலிலேயே விலை அறிவிக்கப்படும். ஒரு குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்று வரம்பும் உண்டு, ஒருவரே சுருட்டிக்கொள்ளாமல் இருக்க. பள்ளியின் ஊட்டச்சத்து நிபுணர் அந்த வட்டாரத்தில் எந்த மாதம் என்ன விளைகிறது என்று பார்த்துச் சமையல் பட்டியல் போடுகிறார். பட்டியல் முதலில், விளைச்சல் பிறகு என்றால் வெளியூர்ச் சரக்குத்தான் வரும்.

சந்தை வளரும்போது வரும் ஆபத்துகளும் உண்டு. நகரத்துக் கடைகள் வெள்ளையான, ஒரே சீரான அரிசியைக் கேட்கின்றன. வெள்ளை வர வேண்டுமானால் பாலிஷ் போட வேண்டும். பாலிஷில் தவிடு போகும், தவிட்டோடு நார்ச்சத்தும் சத்துகளும் போகும். சிறுதானியம் என்று காசு கொடுத்து வாங்குபவர், அதன் சத்தில் ஒரு பகுதியைத் தொலைத்த பொருளைச் சாப்பிடுகிறார். கடைக்காரர்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது. உமியோடு இருக்கும்வரை சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. உமி நீக்கிய பின் தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும், வண்டும் விழும். பாலிஷ் போட்டால் நீண்ட நாள் தாங்கும். இதற்கு விடை தொலைதூரத்துப் பெரிய ஆலைக்குப் பதில் பக்கத்துச் சிறு ஆலை. சாமையை உமியோடு சேமித்துவைத்து, தேவைக்கேற்ப மாதாமாதம் அரைத்து விற்றால் தவிடும் தங்கும், வாடையும் வராது. வாங்குபவர்கள் பொட்டலத்தில் அரைத்த மாதத்தைப் பார்த்து வாங்கப் பழகினால் சிறு ஆலைகளுக்கு அதைவிடப் பெரிய ஆதரவு வேறு இல்லை. வெள்ளையைத் தேடாமல் லேசான பழுப்பை விரும்பி எடுப்பதும் அப்படியே.

ஒரே சீராகக் கேட்பதில் இன்னொரு இழப்பு: கட்டவெட்டிச்சாமையும் மல்லியச்சாமையும் ஒரே மூட்டையில் கலந்து வெறும் ‘சாமை’ ஆகின்றன. மகசூல் கூடுதலான ஒரு ரகம் மட்டும் விலை போனால் மற்ற வகைகளை விதைக்க ஆள் இருக்காது. மழை தவறும் ஆண்டில் கைகொடுப்பவை அந்த மற்ற வகைகள்தாம். வகைக்கு வகை தனி விலை வைக்கும் வியாபாரம் வேண்டும். பாரம்பரிய நெல் ரகங்களில் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் கருப்புக்கவுனிக்கும் அப்படித் தனிப்பெயரும் தனிவிலையும் கிடைத்திருப்பது நல்ல முன்மாதிரி.

தமிழ்நாட்டுக்கு என்று பார்த்தால், தேவையான பெரிய வாங்குபவர் ஏற்கெனவே இருக்கிறார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு, அதில் சாப்பிடும் குழந்தைகள் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ உள்ளூரில் விளையும் சிறுதானியமோ கொடுக்கலாம் என்று அரசாணையிலேயே இடம் இருக்கிறது. அந்தக் கடைசிச் சொல்லை ஒரு கட்டாயமாக மாற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வாரத்தில் ஒரே ஒரு நாள் எல்லாக் குழந்தைகளுக்கும் சாமைப் பொங்கலோ சாமை உப்புமாவோ போடுவதாக வைத்துக்கொள்வோம். 20 லட்சம் பேருக்கு 50 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 100 டன் சாமை அரிசி. ஆண்டில் பள்ளி நடக்கும் 40 வாரத்துக்கு 4,000 டன். உமியும் நொய்யுமாக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதால், விளைய வேண்டிய சாமை சுமார் 6,000 டன். மானாவாரியில் ஏக்கருக்கு நாலைந்து குவிண்டால் என்று வைத்தால் 12,000 முதல் 15,000 ஏக்கர். கொல்லிமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை, ஏலகிரி, தருமபுரி மேட்டுக்காடுகள் என்று பிரித்தால் எந்த ஒரு வட்டாரத்துக்கும் இது தாங்க முடியாத சுமை இல்லை. இரண்டு ஏக்கர்க் குடும்பம் ஒவ்வொன்றும் ஓர் ஏக்கரைச் சாமைக்கு விட்டால்கூட, பன்னிரண்டாயிரம் குடும்பங்களுக்கு விதைக்கும் முன்பே விலை தெரிந்த சந்தை கிடைக்கும். மரவள்ளியை முற்றாகக் கைவிடச் சொல்ல வேண்டியதும் இல்லை. பூச்சி வந்த ஆண்டில் சாய்ந்துகொள்ள இன்னொரு தோள் இருக்கும்.

அந்த 6,000 டன்னுக்கும் யார் உமி நீக்குவது? மணிக்கு நூறு கிலோ அரைக்கும் சிறு ஆலை ஒன்று, நாளைக்கு எட்டு மணி நேரம், ஆண்டில் 200 நாள் ஓடினால் 160 டன் அரைக்கும். மலைகளுக்கும் மேட்டுக்காடுகளுக்கும் பகிர்ந்தால், மகளிர் குழுக்கள் நடத்தும் 38 ஆலைகள் இந்த வேலைக்குப் போதும்.